விரலுக்குத் தெரிந்த கதை

சாகச வீடியோ கேம், சினிமா மாதிரி கதையும் சொல்ல வேண்டும், ஆடுபவரின் விரல்களுக்கு ஓயாமல் வேலையும் கொடுக்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்பவை. கதையில் அடுத்து நடப்பதை எழுதியவர் முன்பே தீர்மானித்திருக்கிறார். ஆட்டத்திலோ அது ஆடுபவர் கையில் இருந்தாக வேண்டும். இதற்குக் கேம் செய்பவர்கள் கண்ட சுலபமான வழி கட்சீன். ஆட்டத்தை நிறுத்திக் கொஞ்ச நேரம் படம் ஓட்டிவிட்டு, மறுபடி ஆடவிடுவார்கள். 2008-இல் வந்த ‘மெட்டல் கியர் சாலிட் 4’-இன் முடிவில் இப்படி ஒரு மணி நேரத்துக்கும் மேல் படம் ஓடுகிறது. அதுவரை உயிரைக் கொடுத்து ஆடியவர் கண்ட்ரோலரை வைத்துவிட்டுக் காபி போடப் போகலாம். கதைக்கு எத்தனை பங்கு, ஆட்டத்துக்கு எத்தனை பங்கு என்று பாகப்பிரிவினை செய்வதால் இந்தச் சிக்கல் தீராது என்பது என் கட்சி. பாத்திரம் எதற்காகத் தவிக்கிறதோ, அதுவே விரலின் வேலையாகவும் இருக்க வேண்டும்.

ஜப்பானின் ஃபுமிதோ உவேதா இயக்கி 2005-இல் வந்த ‘ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்’ இதற்கு நல்ல சான்று. இறந்துபோன ஒரு பெண்ணை மீட்க, வாண்டர் என்ற இளைஞன் 16 பூதாகார உருவங்களை வீழ்த்த வேண்டும். அவற்றின் ரோமத்தைப் பற்றிக்கொண்டுதான் மேலே ஏற முடியும். பற்றுவதற்கு ஒரு பட்டன். அழுத்திய விரலை எடுத்தால் விழுவான். திரையோரத்தில் ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். அவன் கையில் மிச்சமிருக்கும் வலு அவ்வளவுதான். உருவம் உடம்பை உதறும்போது ஏறவும் முடியாது, குத்தவும் முடியாது. பிடியை விடாமல் இருப்பது ஒன்றே வேலை. செத்தவளை விட மறுப்பவனின் கதை, விட மறுக்கும் விரலாக மாறிவிடுகிறது. வசனம் மிகக் குறைவு. உருவம் சாயும்போது ஒலிப்பதும் வெற்றி முழக்கமல்ல, சோக இசை. கொன்றது நம் கை என்பதால் அது உறுத்துகிறது.

நம் நாட்டு உதாரணம், புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020-இல் வெளியிட்ட ‘ராஜி’. அசுரர்கள் தூக்கிப்போன தம்பியைத் தேடிப் போகிறாள் ஒரு கழைக்கூத்தாடிப் பெண். நிழற்பாவைப் பாணிக் கட்சீன்கள் கண்ணுக்கு அழகுதான். ஆனால் அவள் யாரென்று நமக்குச் சொல்பவை அவையல்ல. சண்டையில் தூணைப் பிடித்துச் சுழன்றும் சுவரை உதைத்துத் தாவியும் அடிக்கிறாளே, அந்த அடிகள்தான். கதை சொல்லும் துர்க்கையும் விஷ்ணுவும்கூடப் பெரும்பாலும் அவள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேசுகிறார்கள்.

கட்சீன்களை ரசிக்கிறவர்கள் ஏராளம், அவற்றை ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். நியாயம்தான், கடும் சண்டைக்குப் பிறகு கைக்கு ஓய்வு வேண்டும். ஆனால் ஓய்வென்றால் கையைக் கட்டிப்போட வேண்டியதில்லை. 2018-இன் ‘காட் ஆஃப் வார்’ கதையில் ஒரு பங்கைப் படகிலேயே சொல்லிவிடுகிறது. துடுப்பு நம்மிடம், பேச்சு பாத்திரங்களிடம். கரையேறினால் பேச்சு நிற்கும், மறுபடி படகேறினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இன்னொரு ஆட்சேபணை கனமானது. கட்டுப்பாட்டை ஆடுபவரிடம் விட்டால், துக்கக் காட்சியில் அவர் குதித்து விளையாட மாட்டாரா? மாட்டார் என்று சொல்ல முடியாது. அதற்குச் செய்ய வேண்டியது, கட்டுப்பாட்டைப் பிடுங்காமல் குறுக்குவது. ஜோசஃப் ஃபாரெஸின் ‘பிரதர்ஸ்’ (2013) கேமில் கண்ட்ரோலரின் இடப்பக்கம் அண்ணனுக்கு, வலப்பக்கம் தம்பிக்கு. தண்ணீரைக் கண்டால் தம்பிக்குப் பயம். அண்ணன் முதுகைப் பிடித்துத்தான் நீந்துவான். அண்ணன் இறந்த பின் தம்பி தனியே ஆற்றங்கரையில் நிற்கிறான். அவனுடைய பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் இறங்க மாட்டான். இத்தனை நேரம் சும்மா கிடந்த அண்ணனின் பட்டனை அழுத்தினால் நீந்துகிறான். ஒரு வசனம்கூடத் தேவைப்படவில்லை.

இந்த அளவுகோலை நம் பக்கத்துக் கதை ஒன்றில் வைத்துப் பார்க்கலாம். வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு.செல்லப்பாவின் ‘வாடிவாசல்’, ஒரே நாள் ஜல்லிக்கட்டுக்குள் நடந்து முடிகிற குறுநாவல். தன் அப்பன் அம்புலியைக் குத்திக் கொன்ற காரி என்ற ஜமீன்தார் காளையை அணைய வருகிறான் பிச்சி. இதைக் கேமாக்க நினைப்பவர், அம்புலி சாவதை முதல் கட்சீனாக வைக்கத்தான் ஆசைப்படுவார். வைக்கக் கூடாது. பிச்சி வாடிவாசலில் காத்து நிற்கும்போது, நெரிசலில் இடம் பிடித்துக்கொண்டே, பக்கத்தில் நிற்கும் ஒரு கிழவனின் பேச்சில் நாம் அதைக் காதில் வாங்க வேண்டும். காரியின் திமிலை அணைவது முழுக்க முழுக்க விரலின் வேலை. அங்கே கேமரா வித்தை காட்டினால் கதையே போச்சு. கடைசியில் ஜமீன்தார் தன் காளையைத் தானே சுட்டுக் கொல்கிறார். பிச்சி அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்த ஒரு இடத்துக்குக் கட்சீன் பொருந்தும்.