சாம்பல் ஆற்றுக்கு யார் சாட்சி?

கொசஸ்தலை ஆறு எண்ணூர்க் கழிமுகத்தில் கடலைத் தொடும் முன், அத்திப்பட்டு வடசென்னை அனல்மின் நிலையத்தின் ஓரமாக வருகிறது. பெயரில்தான் சென்னை, இருப்பது திருவள்ளூர் மாவட்டத்தில். நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்குக் குழாயில் அனுப்புவார்கள். குழாய்கள் ஓட்டையாகிக் குழம்பு கழிமுகத்தில் படிந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவுகிறவர்களுக்கு அடியில் தட்டுப்பட்டது சாம்பல்.

யாரிடம் முறையிடுவது? மின் நிலையம் மாநில அரசுக்குச் சொந்தம். அதற்கு இசைவாணை கொடுத்துக் கண்காணிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அதே அரசின் கீழ். வேலிக்கு ஓணான் சாட்சி என்று ஊரில் சொல்வார்கள்.

இந்த இடத்தில்தான் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வருகிறது. 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது; தென்மண்டல அமர்வு சென்னையில். நீதித்துறை உறுப்பினரோடு சுற்றுச்சூழல் வல்லுநரும் உட்கார்ந்து விசாரிப்பார். தொழிற்சாலையை மட்டுமல்ல, வாரியத்தையும் மாவட்ட ஆட்சியரையும்கூட 'நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்று கேட்கலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். மேல்முறையீடு நேராக உச்ச நீதிமன்றத்துக்கு. யாரும் மனுப் போடாவிட்டாலும் தீர்ப்பாயம் தாமாக முன்வந்து வழக்கு எடுக்கலாம் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூரில் எண்ணெய் பரவியபோதும், அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோதும் அப்படித்தான் எடுத்தது.

சாம்பல் வழக்கோ 2016-இல் மீனவர் ஒருவர் போட்டது. 2022 ஜூலையில் தீர்ப்பு வந்தது: மாசுக்கு நிலையத்தை நடத்திய மின் வாரியமே பொறுப்பு. ஆறு வருடம் என்பது ஆற்றை நம்பிய குடும்பத்துக்குச் சின்னக் காலமல்ல.

இதில் கவனிக்கத்தக்கது வேறொன்று. தீர்ப்பாயத்துக்குச் சொந்தமாக ஆய்வாளர்களோ ஆய்வுக்கூடமோ கிடையாது. புகார் வந்தால் கூட்டுக்குழு அமைக்கும். அதில் பெரும்பாலும் வாரிய அதிகாரியும் வருவாய்த் துறை அதிகாரியும் இருப்பார்கள். அதாவது, யாருடைய வேலையைச் சோதிக்க வேண்டுமோ அவரே மாதிரி எடுக்கப் போவார்! எண்ணூர்ச் சாம்பல் வழக்கு வேறு மாதிரி நடந்தது. முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி சாந்தா ஷீலா நாயர், மண் உயிரியல் அறிஞர் சுல்தான் அகமது இஸ்மாயில் போன்ற வெளியாட்கள் குழுவில் இருந்தார்கள். காவல்நாயின் கழுத்துப்பட்டை யார் கையில் என்பதைச் சட்டப் புத்தகத்தைவிட இப்படிப்பட்ட பெயர்ப்பட்டியல் தெளிவாகச் சொல்லிவிடும்.

வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்காலைகளும் பழைய பேட்டரியிலிருந்து ஈயம் பிரிக்கும் ஆலைகளும் இருக்கின்றன. ராத்திரிப் புகை விடிந்தால் இருக்காது; சாட்சியை அப்போதே சேர்த்துக்கொள்ள வேண்டும். முறையிடுவதற்குக் காலக்கெடுவும் உண்டு. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கும். இழப்பீடு கேட்பதற்கு ஐந்து வருடம். ஆகவே ஜன்னல் வழியே செல்போனில் எடுத்த படத்தில் தேதியும் நேரமும் விழுந்திருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துக்கொள்வது நல்லது.