நஷ்டத்தில் விழுந்தும் ஆட்களைக் குறைக்க மறுத்த தலைவர்... நின்டெண்டோ மீண்டது எப்படி?

கம்பெனிக்கு நஷ்டம் என்றால் முதலில் கத்தி விழுவது ஊழியர்கள் மீதுதான். ஆனால், மரியோவை உலகுக்குத் தந்த நின்டெண்டோவில் ஒரு தலைவர் முதலில் தன் சம்பளத்தில் கைவைத்தார். அது எப்படிச் சாத்தியமானது?

சீட்டுக்கட்டில் தொடக்கம்

1889-ல் ஜப்பானின் கியோட்டோ நகரில் ஃபுசாஜிரோ யமாவுச்சி தொடங்கிய நிறுவனம் இது. முதலில் விற்றது, 'ஹனாஃபுடா' என்ற பூப்படச் சீட்டுகள். 1949-ல் பொறுப்புக்கு வந்த அவருடைய கொள்ளுப்பேரன் ஹிரோஷி, டாக்ஸி, உடனடிச் சோறு என்று என்னென்னவோ செய்து பார்த்தார். எதுவும் ஓடலை. கைகொடுத்தவை பொம்மைகளும், பிறகு வீடியோ கேமும்தான். 1981-ல் ஷிகெரு மியாமோட்டோ உருவாக்கிய 'டாங்கி காங்' செம ஹிட்!

பழைய டெக்னாலஜி, புது விளையாட்டு

'நன்கு பழகி, விலை மலிந்த தொழில்நுட்பத்தைப் புது விதமாகப் பயன்படுத்து' என்பது இங்கே பணியாற்றிய குன்பெய் யோகோயின் ஃபார்முலா. 1989-ல் வந்த கேம் பாயில் கலர் திரை கிடையாது. போட்டியாளர்களிடம் கலர் இருந்தது. ஆனால், அவை பேட்டரியை மளமளவென்று காலி செய்தன. கேம் பாய் விலையும் குறைவு, பேட்டரியும் நீடித்தது. பின்னால் வந்த கலர் மாடலையும் சேர்த்து 11.8 கோடிக்கு மேல் விற்றது.

சறுக்கியது எங்கே?

2006-ல் வந்த 'வீ' 10 கோடியைத் தாண்டியது. 2012-ல் வந்த 'வீ யூ' விற்றதோ சுமார் 1.35 கோடி மட்டுமே. இது புது கருவியா, பழைய 'வீ'க்கான துணைக்கருவியா என்றே பலருக்குப் புரியவில்லை.

ஆட்குறைப்பு பற்றி 2013-ல் பங்குதாரர்கள் கேட்டபோது, தலைவர் சடோரு இவாடா மறுத்தார். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இருப்பவர்களால் மக்களைக் கவரும் கேமை உருவாக்க முடியாது என்பது அவர் வாதம். 2014-ல் சில மாதங்களுக்குத் தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். அதே ஆண்டு ஐரோப்பியக் கிளையில் வேலையிழப்பு நடந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

நல்ல மனசு மட்டும் போதுமா?

போதாது. நல்ல காலத்தில் சேர்த்துவைத்த பெரும் கையிருப்பு இருந்தது. மரியோ, ஜெல்டா போன்ற சொந்தக் கதாபாத்திரங்களும் இருந்தன. அடுத்த முயற்சிக்கு அந்தப் பணம்தான் நேரம் வாங்கிக் கொடுத்தது.

அந்த முயற்சிதான் 2017-ல் வந்த 'ஸ்விட்ச்'. 15 கோடிக்கு மேல் விற்றது. அதைப் பார்க்க இவாடா இல்லை, 2015-லேயே காலமாகிவிட்டார்.