கடலை அறிந்தோர் கூடும் சபை

பம்பாய் நகரின் கிழக்கோரமாகிய தேவ்நாரில், 1927 முதல் நகரத்தின் குப்பையைச் சுமந்து மலையாக வளர்ந்துவிட்ட மேட்டுக்கும், அதனை அடுத்த அலையாத்திக் காட்டுக்கும் அப்பால், தானே உப்பங்கழி விரிந்து கிடக்கிறது. அக்கழியை நம்பித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் டிராம்பே, மாஹுல் கோலிவாடாக்களின், அதாவது கோலி மீனவர் குடியிருப்புகளின், மக்களுக்கு, வலையில் ஏன் மீன் குறைந்தது என்று சொல்லிக்கொடுக்க எந்தப் புத்தகமும் தேவையில்லை. ஆலைக் கழிவும் சாக்கடையும் நீரில் கலக்கத் தொடங்கியபின் எந்த மீன் முதலில் அரிதாயிற்று, எது பின்னால் அரிதாயிற்று என்ற கணக்கு அவர்கள் அநுபவத்திலேயே பதிந்திருக்கிறது. இதே நகரத்தின் மேற்குக் கரையில், வெர்ஸோவாவில், 1961-ல் தோன்றி 1989-ல் பல்கலைக்கழகத்துக்கு நிகரான அந்தஸ்தைப் பெற்ற மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம், நாடு முழுவதற்கும் மீன்துறை விஞ்ஞானிகளைப் பயிற்றுவித்து அனுப்புகிறது. ஒரே நகரத்தின் இரு கரைகளிலும் சேர்ந்திருக்கும் இவ்விருவகை ஞானமும் எந்த இடத்தில் சந்திக்கின்றன என்ற கேள்வி, விஞ்ஞானிகளின் மகாநாடுகளைப் பற்றி எண்ணும்போதெல்லாம் என் மனத்தில் எழுகிறது.

மகாநாடு என்றவுடன் வரவேற்புரையும் தீர்மானங்களுமே நம் நினைவுக்கு வரும். விஞ்ஞானிகள் கூடும் சபையின் முறை வேறு. கூட்டத்துக்குப் பல மாதங்கள் முன்பே ஆராய்ச்சிச் சுருக்கங்களை வரவழைத்து, துறை தேர்ந்தவர்கள் பரிசீலித்து, தக்கவற்றைத் தெரிந்தெடுக்கிறார்கள். சில நிமிஷங்களில் வாசிக்கப்படும் கட்டுரைக்குப் பின்னால், பல வருஷங்கள் உழைத்த ஆராய்ச்சியாளர் சபையிலிருந்து எழும் கேள்விகளுக்கு அங்கேயே நின்று விடை சொல்லியாக வேண்டும். விவாதத்தில் திருத்தம் பெற்ற கட்டுரைகள் தொகுதியாக அச்சேற இரண்டு மூன்று வருஷங்கள்கூடச் செல்வதுண்டு.

மீன்துறைக்கு இந்தச் சந்திப்பு மற்றச் சாஸ்திரங்களைக் காட்டிலும் அதிகமாகத் தேவைப்படுகிறது. ஒரு விஞ்ஞானி தம் ஊர்த் துறையில் வந்திறங்கும் மீனை அளக்கலாம், நிறுக்கலாம், அதன் தலைக்குள் இருக்கும் செவிக்கல்லின் வளையங்களை எண்ணி வயதைக் கணிக்கலாம். ஆனால் அந்த மீன்கூட்டம் எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்பதை அறிய அடுத்த கரையில் இருப்பவரின் கணக்கும் வேண்டும். மலபார்க் கரைக்கே பெரும்பாலும் உரியது என்று நெடுங்காலம் கருதப்பட்ட மத்தி, 1980-களின் பிற்பகுதியிலிருந்து தமிழ்நாட்டுக் கரையிலும் ஏராளமாகப் பிடிபடத் தொடங்கியது. சென்னையில் மட்டும் இருந்து பார்த்தவருக்கு அது ஒரு புதிய வரவு, அவ்வளவே. இரு கரைகளின் பல்லாண்டுக் கணக்குகளையும் ஒருசேர வைத்துப் பார்த்தபோதுதான், கடல்நீர் சூடேறுவதற்கும் அம்மீனின் வாழிடம் விரிவதற்கும் உள்ள தொடர்பைப் பற்றிய பெரிய விசாரணை பிறந்தது.

இத்தகைய சந்திப்புகளை நடத்தும் சங்கங்களுக்கு உலகில் நீண்ட சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் 1870-ல் மீன் வளர்ப்போர் தொடங்கிய சங்கம் இன்றளவும் நடக்கிறது. வட ஐரோப்பிய நாடுகள் கடலாராய்ச்சிக்காக 1902-ல் கோபன்ஹேகனில் ஒரு கவுன்ஸிலை அமைத்துக்கொண்டன. நம் கடல்களுக்காக 1948-ல் இந்தோ-பசிபிக் மீன்வளக் கவுன்ஸில் ஏற்பட்டது. ஆயினும் தமிழர்கள் பெருமிதத்தோடு அறிந்திருக்க வேண்டிய கதை இராமேசுவரத்துக்குப் போகும் வழியில் உள்ள மண்டபம் என்னும் ஊரில் நடந்தது.

மன்னார் வளைகுடாவுக்கும் பாக் விரிகுடாவுக்கும் இடையே நீண்டிருக்கும் நிலத்தின் முனையில், இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்களை நிறுத்தி வைத்து நோய்ச் சோதனை செய்யும் முகாமாக ஒரு காலத்தில் விளங்கிய அவ்வூருக்கு, சென்னையில் 1947-ல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் 1949-ல் வந்து சேர்ந்தது. அங்கே கடற்பசுக்களை வளர்த்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவரும், நிலையத்தின் இயக்குநராக இருந்தவருமான டாக்டர் எஸ். ஜோன்ஸ் முன்னின்று உழைக்க, 1958-ல் இந்தியக் கடல் உயிரியல் சங்கம் உருவாயிற்று. பெரிய நகரமோ, பல்கலைக்கழகமோ, வசதியான விடுதிகளோ அருகில் இல்லாத அந்தக் கடற்கரை ஊரிலிருந்துகொண்டு, அடுத்த ஆண்டே சொந்தப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கிய அச்சங்கம், 1962 ஜனவரியில் சூரை, வஞ்சிரம், கானாங்கெளுத்தி முதலிய மீன்களைப் பற்றி மண்டபத்திலேயே ஒரு கருத்தரங்கை நடத்தியது; பின்னர் 1965-ல் எறணாகுளத்தில் இறால், நண்டு இனங்களைப் பற்றியும், 1968-ல் கொச்சியில் சிப்பி, சங்கு, கணவாய் இனங்களைப் பற்றியும் கூடிற்று.

1969 ஜனவரியில், தனுஷ்கோடியை அழித்துப் பாம்பன் பாலத்தையும் குலைத்த புயல் கடந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில், பவளப்பாறைகளுக்கென்று அச்சங்கம் கூட்டிய கருத்தரங்கு அதே மண்டபத்தில் நடைபெற்றது. இன்று உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கும் சர்வதேசப் பவளப்பாறை மகாநாடுகளின் வரிசையில் முதலாவதாக எண்ணப்படுவது அதுதான். இரண்டாவது 1973-ல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஒரு கப்பலின் மேல் நடந்தது. அதன்பின் மயாமி, மணிலா, தஹீதி, பாலி, ஹொனலூலு என்று ஊர் ஊராகச் சென்று, 2022-ல் ஜெர்மனியின் பிரேமனுக்கு வந்தது. மண்டபத்தில் ஆராய்ந்த சி. எஸ். கோபிநாத பிள்ளையும், கேம்பிரிட்ஜைச் சேர்ந்த டேவிட் ஸ்டோடார்ட்டும் இணைந்து, இராமநாதபுரக் கரையில் கடல்மட்டத்துக்கு மேல் உயர்ந்து நிற்கும் தொல்பழம் பவளப்பாறைகளைப் பற்றி 1972-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பவளப்பாறை ஆராய்ச்சிக்கான சர்வதேசச் சங்கம் 1980-ல் தோன்றியபோது அதன் முதல் தலைவரானவர் அந்த ஸ்டோடார்ட்டே.

இவ்வளவு பெருமையையும் சொன்ன பிறகு வருத்தத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். உலக அறிஞர்கள் கூடிப் பேசிய அதே காலத்தில், மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் சுண்ணாம்புக்காகவும் ஆலைகளின் தேவைக்காகவும் பெயர்த்தெடுக்கப்பட்டு வந்தன. தீவுகளைக் காக்கத் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது 1986-ல். பாறையை உருவாக்கும் பவள உயிர்களுக்கு வனவிலங்குச் சட்டத்தின் மிக உயர்ந்த பாதுகாப்புக் கிடைத்தது 2001-ல். அதற்குள், அலையைத் தடுத்துவந்த பாறையை இழந்த பூவரசன்பட்டித் தீவும் விலாங்குசல்லித் தீவும் நீரில் மூழ்கிவிட்டன. சபையில் சேர்ந்த ஞானம் சட்டமாகி, சட்டம் கரைக்கு வந்து சேர முப்பத்திரண்டு ஆண்டுகள் பிடிப்பதை எந்தச் சமாதானத்தாலும் நியாயப்படுத்த முடியாது. இந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம், அரங்கினுள்ளே கடற்கரை மக்களுக்கு இடம் இல்லாதிருந்ததே என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்தக் குறையை மீனவர்களே உலகறியச் சொன்னார்கள். 1984-ல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் ரோமாபுரியில் மீன்வள உலக மகாநாட்டைக் கூட்டியபோது, முப்பதுக்கும் மேற்பட்ட தேசங்களின் மீன் தொழிலாளர்களும் அவர்களின் ஆதரவாளர்களும் அதே நகரத்தில் தங்களுக்கென்று தனியே ஒரு மகாநாட்டை நடத்தினார்கள். அதன் பயனாக 1986-ல் திருவனந்தபுரத்தில் உருவான, மீன் தொழிலாளர்களுக்கான சர்வதேச ஆதரவு அமைப்பு, பின்னாளில் சென்னையைத் தன் இருப்பிடமாகக் கொண்டது. அதன் செயலாளராகப் பணியாற்றிய சந்திரிகா சர்மா, சிறு மீனவர்களின் உரிமைக்கான நெறிமுறைகள் உருவாகப் பல ஆண்டுகள் உழைத்தவர். மங்கோலியாவில் நடக்கவிருந்த உணவு ஸ்தாபனக் கூட்டத்துக்குப் புறப்பட்ட அவர், 2014 மார்ச் 8 அன்று மறைந்துபோன மலேசிய விமானத்தில் இருந்தார். அவ்வாண்டு ஜூன் மாதம் நாடுகளெல்லாம் ஏற்றுக்கொண்ட அந்த நெறிமுறைகள் அவருடைய நினைவுக்கே சமர்ப்பிக்கப்பட்டன.

பம்பாய்க்குத் திரும்புவோம். குஞ்சு மீனைப் பிடிக்கலாகாது என்பதற்காக, கேரளம் 2015-ல் காட்டிய வழியைப் பின்பற்றி, 2023-ல் மகாராஷ்டிர அரசும் 54 இனங்களுக்குக் குறைந்தபட்ச அளவுகளை நிர்ணயித்தது. ஒரு மீன் எந்த நீளத்தில் முதன்முறை முட்டையிடுகிறது என்று விஞ்ஞானிகள் ஆண்டுக்கணக்கில் அளந்து, தங்களுக்குள் விவாதித்துத் தேர்ந்த எண்களே இத்தகைய அளவுகளுக்கு ஆதாரம். அந்த எண் எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்ட மீனவர் சிறு மீனைத் தாமே கடலில் திரும்ப விடுவார். தெரியாதவருக்கு அது அதிகாரியின் அபராதமாகத்தான் தோன்றும்.

ஆகையால், அடுத்து பம்பாயிலோ சென்னையிலோ மண்டபத்திலோ இத்தகைய சபையைக் கூட்டப்போகும் அறிஞர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: டிராம்பேயின் கோலிப் பெண்களையும் பாம்பன் கரையின் சங்கு குளிப்பவர்களையும் கட்டணமின்றிப் பிரதிநிதிகளாக அழையுங்கள், ஒரு முழுநாள் விவாதத்தை மராத்தியிலும் தமிழிலும் நடத்துங்கள், தொகுதி அச்சாக மூன்று வருஷம் ஆகட்டும், முடிவுகளின் சுருக்கத்தை மட்டும் அந்த மாதத்துக்குள்ளேயே ஒவ்வொரு மீன் இறங்குதுறையிலும் அவரவர் பாஷையில் படித்துக் காட்டுங்கள்.