கூரையை இறக்கும்போது கவனம்

கல்முனைப் பக்கம் பாண்டிருப்பில் கடலுக்குக் கிட்ட உள்ள வீடுகளின் பழைய அஸ்பெஸ்டஸ் சீட்டைத் தொட்டால் விரலில் வெண்தூள் ஒட்டும். மழையும் உப்புக் காற்றும் சீமெந்தை அரிக்க, உள்ளிருந்த நார் வெளியே தலைநீட்டுகிறது. சீட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் நார், மிச்சம் சீமெந்து. உடையாத, நல்ல நிலையில் உள்ள சீட்டின் கீழ் குடியிருப்பதற்காகப் பதற வேண்டியதில்லை. கூரையை மாற்றும் நாளில்தான் வினை.

ரொறன்ரோவில் பழைய வீடு வாங்கிய நம் உறவுகளுக்கு இதே நார் காலடியில் இருக்கலாம். 1950, 60களில் கட்டிய வீடுகளின் பேஸ்மென்டில் ஒன்பது அங்குலச் சதுர ஓடுகளிலும், அவற்றை ஒட்டிய கறுப்புப் பசையிலும் அஸ்பெஸ்டஸ் கலந்திருப்பதுண்டு. விஷயம் தெரிந்தவர்கள் ஆய்வுகூடத்தில் சோதிக்காமல் அதைப் பெயர்க்க மாட்டார்கள்; பெயர்க்காமலே மேலே புதுத்தரை போட்டு மூடிவிடுவதும் உண்டு. இங்கோ மேசன் வந்ததும் கிரைண்டருக்குப் பிளக் தேடுகிறார்.

கிரைண்டர் வட்டு சீட்டில் பட்டதும் எழும் தூளில்தான் ஆபத்து. இந்த நார் நீளவாக்கில் பிளந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிழைகளாகிக் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். நுரையீரலின் அடிவரை போகும். அங்கே தூசியை விழுங்கித் துப்புரவாக்கும் உயிரணுக்களால் நீண்ட இழையை விழுங்க முடியாது. அழற்சியும் தழும்பும் மிஞ்சும். நுரையீரல் புற்றுநோயும், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமாவும் தலைகாட்டப் பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் ஆகும். புகைப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் பன்மடங்கு. ஒருநாள் தூசியில் நின்றவரைவிட, ஊரூராகக் கூரை வேலை செய்யும் மேசனுக்கே பாரம் அதிகம்.

அஸ்பெஸ்டஸில் நீல வகையை இலங்கை 1997இல் தடைசெய்தது. வெள்ளை வகையையும் 2018 முதல் கட்டுப்படுத்தத் திட்டமிருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் வண்டு கண்டதாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. உலகில் வெள்ளை அஸ்பெஸ்டஸை அதிகம் தோண்டும் நாடும் ரஷ்யாதான். நம் கட்டுப்பாடு பின்போடப்பட்டது. சில நாட்களில் தேயிலைக்கும் வழி திறந்தது. வண்டுக்கு இவ்வளவு செல்வாக்கு என்று யார் கண்டார்!

சரி, கழற்றத்தான் வேண்டுமென்றால்? உப்புக் காற்றில் கொக்கி ஆணிகள் துருப்பிடித்து இறுகியிருக்கும். சுத்தியலால் அடித்தால் சீட் நொறுங்கும். முதலில் சவர்க்காரம் கலந்த தண்ணீரை மெல்லத் தெளித்து நனையுங்கள். ஆணியை மட்டும் கைவாளால் அறுத்து, சீட்டை முழுதாக இறக்குங்கள். பழைய சீட்டை மிதித்தால் ஆள் கீழே போய்விடுவார். குறுக்கே பலகை போட்டே ஏற வேண்டும். துணி மாஸ்க் இந்த இழையைத் தடுக்காது. நுண்தூசிக்கான வடிகட்டி மாஸ்க் தேவை. விளக்குமாறு வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள். வேலை உடுப்பை வீட்டுத் துணியோடு துவைக்காதீர்கள்.

உடைந்த துண்டுகளால் ஒழுங்கைப் பள்ளத்தை நிரப்புவது நம் பக்கத்துப் பழக்கம். வாகனம் ஏறி ஏறி அதைத் தூளாக்கிவிடும். தடித்த பொலித்தீனில் சுற்றிக் கட்டிய சீட்டை எங்கே புதைப்பது என்பதற்கு வீட்டுக்காரரிடம் விடையில்லை. கல்முனை மாநகர சபை அதற்கென்று தனிக்குழி ஒன்றை ஒதுக்கித் தரவேண்டும்.