பழைய வழக்கும் புதிய பொய்யும்

அமெரிக்காவில் அரசு ரகசியங்களைக் கையாளும் வேலைக்குப் போகிறவர் முதலில் எஸ்.எஃப்-86 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். நூறு பக்கத்தைத் தாண்டும் அந்தப் படிவம் குடியிருந்த வீடு, வாங்கிய கடன், வெளிநாட்டு நட்பு என்று எல்லாவற்றையும் துருவும். போலீஸ் வழக்குகளுக்குத் தனிப் பகுதியே உண்டு. வழக்கு தள்ளுபடி ஆகியிருந்தாலும், பதிவையே நீதிமன்றம் நீக்கியிருந்தாலும் பெரும்பாலும் சொல்லியாக வேண்டும். ஒருமுறை கைதானவருக்குக் கதவு அடைத்தாயிற்று என்றுதான் தோன்றும். ஆனால் ரகசியங்களைக் கையாளும் அனுமதியை முடிவு செய்ய 2017 ஜூனில் நடைமுறைக்கு வந்த 13 நெறிமுறைகள் வேறு கணக்குப் போடுகின்றன. குற்றச் செயலைப் பற்றிய நெறிமுறை, எவ்வளவு காலம் ஆயிற்று, எந்தச் சூழலில் நடந்தது, ஆள் திருந்தியதற்கு என்ன அடையாளம் என்று பார்க்கச் சொல்கிறது. இருபது வயதில் போட்ட அடிதடிக்கு, அதற்குப் பின் ஒழுங்காக வாழ்ந்த இருபது வருடம் பதில் சொல்லும். அதே அடிதடியைப் படிவம் கேட்டும் மறைத்தால் அந்தப் பொய்க்கு வயது ஒரு நாள்தான். அதுவே தனிக் குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறை.

இது வெறும் ஒழுக்கப் பிடிவாதம் அல்ல. ரகசியம் தெரிந்தவரின் பின்னால் யாரும் எப்போதும் நடந்துகொண்டிருக்க முடியாது. வெளிநாட்டுக்காரர் யாராவது தூண்டில் போட்டால் ரகசியம் தெரிந்தவரே வந்து சொல்ல வேண்டும். தன்னைப் பற்றிய சங்கடத்தை எழுத அஞ்சுகிறவர் அதைச் சொல்வார் என்று எப்படி நம்புவது? மறைத்த விஷயம் எதிராளி கையில் கிடைத்தால் மிரட்டவும் வசதி. உச்ச நீதிமன்றம் வரை போன ஈகன் வழக்கில் பழைய குற்றமும் மறைப்பும் சேர்ந்தே இருந்தன. கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல் பராமரிப்புத் தளத்தில் தொழிலாளியாக இருந்த தாமஸ் ஈகனுக்கு அனுமதி மறுக்கப்பட்டபோது, தாக்குதல், துப்பாக்கி வழக்குகளில் பெற்ற தண்டனைகளோடு, வேலை விண்ணப்பத்தில் எழுதாமல் விட்ட இரண்டு பழைய தண்டனைகளும் காரணப் பட்டியலில் இடம்பெற்றன.

அப்படியானால் உண்மையை ஒப்புக்கொண்ட கொள்ளைக்காரனுக்கு அனுமதி உண்டா என்று கேட்கலாம். ஒப்புக்கொள்வது உள்ளே நுழையும் சீட்டு அல்ல. ஓராண்டுக்கு மேல் தண்டனை பெற்று, ஓராண்டுக்குக் குறையாமல் சிறையில் இருந்தவருக்கு, விதிவிலக்கு கிடைத்தாலொழிய, மிக உயர்ந்த வகை ரகசியங்கள் கிடையாது என்று 2008-லேயே சட்டம் வந்துவிட்டது. சந்தேகம் மிஞ்சினால் அதன் பலன் நாட்டுக்கே, விண்ணப்பதாரருக்கு அல்ல.

இதைவிட வலுவான ஆட்சேபம் மறதி. பத்து வருடத்துக்கு முந்தைய முகவரியோ சின்ன வழக்கோ யாருக்கும் விட்டுப்போகலாம். விதி அதை அறிந்தே, வேண்டுமென்று மறைத்ததைத்தான் குற்றமாகப் பார்க்கிறது. அதிகாரி ஆதாரத்தை எடுத்து வைக்கும் முன் தானாகத் திருத்திக் கொடுத்தால் அதையும் கணக்கில் கொள்கிறது. சிக்கல், மறதி எது, மறைப்பு எது என்று யார் முடிவு செய்வது என்பதில் இருக்கிறது. ஈகன் வழக்கில் 1988-ல் உச்ச நீதிமன்றம், இந்த அனுமதி யாருக்கும் உரிமை அல்ல என்றது. துறை மறுத்தது சரியா தவறா என்பதற்குள் ஊழியர் மேல்முறையீட்டு வாரியம் போக முடியாது என்றும் தீர்ப்பளித்தது.