வீடு திரும்பிய பின்னும் தொடரும் பக்கவாதச் சிகிச்சை

பக்கவாதத்திற்குச் சிகிச்சை பெற்றவர் வீடு திரும்பும் நாளில், குடும்பத்தினர் எங்களிடம் பெரும்பாலும் கேட்பது இதுதான்: "இனி எங்கே போவது, டாக்டர்?" விடை தெரியாத சிலர் எண்ணெய் தேய்ப்பதிலேயே காலம் கழித்து, நான்கைந்து மாதங்களுக்குப் பின் எங்களிடம் வருகின்றனர். அதற்குள் தோள் இறுகி, விரல்கள் மடங்கிவிடுகின்றன.

இழந்த செயலை மீண்டும் கற்கும் திறன் மூளைக்கு உண்டு. முதல் மூன்று மாதங்களில் அது மிகுதி; பின்னர் மெதுவாகும், ஆனால் நின்றுவிடுவதில்லை. எனவே வீடு திரும்புமுன்பே இயன்முறைப் பயிற்சிக்கும், தேவையெனில் பேச்சுப் பயிற்சிக்கும் நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

கோடம்பாக்கத்தை அடுத்த கே.கே. நகரில் அரசின் புனர்வாழ்வு மருத்துவ நிலையம் உள்ளது. வெளியே வர இயலாதோருக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை பெற வழியுண்டு. அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம்.

'பயிற்சியை நாங்களே அளித்தால் போதாதா?' என்று சிலர் வினவுகின்றனர். இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் நடந்து, 2017இல் வெளியான ஆய்வு இதையே ஆராய்ந்தது. குடும்பத்தாருக்குப் பயிற்சி தந்து வீட்டில் தொடரச் செய்த பிரிவிலும், வழக்கமான பராமரிப்புப் பிரிவிலும் ஆறாம் மாத முடிவில் வேறுபாடு காணப்படவில்லை. குடும்பத்தின் உதவி இன்றியமையாதது. ஆனால் பயிற்சி பெற்ற நிபுணருக்கு அது மாற்றாகாது. தாயார் இன்னும் நடக்கவில்லையெனில், அது பராமரிக்கும் மகளின் குறையன்று.

வீட்டில் செய்ய வேண்டியவை:

• செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள்.

• விழுங்கும் திறனைச் சோதித்த பின்னரே உணவும் நீரும், நிமிர்ந்து அமர்ந்த நிலையில் கொடுங்கள்.

• படுத்த படுக்கையாய் இருப்பவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள்.

• உடல் தேறியதாகத் தோன்றினாலும், இரத்த அழுத்த மாத்திரையையும் இரத்தம் உறையாதிருக்கும் மாத்திரையையும் தாமாக நிறுத்தலாகாது.

• காரணமின்றி அழுகை, உண்ண மறுத்தல், பேசாதிருத்தல் ஆகியவை மனச்சோர்வின் அறிகுறிகளாகலாம். அதற்கும் சிகிச்சை உண்டு.

வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவை மீண்டும் தோன்றினால் உடனே 108ஐ அழையுங்கள். உறைவைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். 'காலையில் பார்ப்போம்' என்று காத்திராதீர்கள்.