சிறு திரையில் நம் எழுத்து

அறிவியல் கண்காட்சிகளில் மாணவர்கள் விரும்பிச் செய்து வைக்கும் கருவிகளுள் ஒன்று, மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் காட்டுவது. தொட்டி காலியானால் அச்செய்தி சிறு திரையில் ஆங்கிலத்தில் தோன்றும். மோட்டாரைப் போடவேண்டிய விடுதிச் சமையற்காரருக்கு ஆங்கிலம் தெரியாதெனில் அக்கருவி யாருக்காக? ஆங்கிலத்துடன் தமிழையும் இந்தியையும் காட்டவல்ல திரை எது என்பதைக் காண்போம்.

கடைகளில் மலிவாகக் கிடைப்பது, வரிக்கு 16 எழுத்தாக 2 வரிகள் கொண்ட திரவப் படிகத் திரை. இதனை இயக்கும் சில்லு பெரும்பாலும் ஹிட்டாச்சியின் எச்.டி.44780 அல்லது அதனைப் பின்பற்றிய ஒன்று. ஓர் எழுத்துக்கு அகலத்தில் 5, உயரத்தில் 8 புள்ளிகள். வடிவங்கள் முன்னரே சில்லில் பதிக்கப்பட்டவை. ஒரு வகையில் ஜப்பானியக் கதகானா உண்டு, மற்றொன்றில் ஐரோப்பிய எழுத்துகள் உண்டு, தமிழ் இல்லை. நாமே வரைந்துகொள்ள 8 இடங்களே உள்ளன. 'தண்ணீர் இல்லை' என்று எழுதிப் பார்ப்போம். 'ண', 'இ' இரண்டும் தெளிவாகத் தெரிய இரண்டிரண்டு கட்டங்கள் வேண்டும். 'லை'க்கும் அப்படியே. இவ்விரு சொற்களுக்கே 8 இடங்கள் போதா! கட்டங்களுக்கிடையே வெற்றிடம் இருப்பதால் இந்தியின் தலைக்கோடும் துண்டு துண்டாகிவிடும். எழுத்தென்றால் சம அகலக் கட்டம் என்னும் ஆங்கிலக் கணக்கு அத்திரையின் அமைப்பிலேயே இருக்கிறது.

'பன்மொழித் திரை' என்று விற்பவர் சொன்னால், எந்த மொழிகள் என்று கேட்க வேண்டும். எஸ்.டி.7920 என்னும் சில்லில் ஆயிரக்கணக்கான சீன எழுத்துகள் உள்ளன. நமக்கு அவற்றால் என்ன பயன்? ஆனால் அதே சில்லு ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே இயக்கவும் இடம் தருகிறது. நமக்கு வேண்டியது அதுதான்.

128 × 64 புள்ளித் திரையில் மொத்தம் 8,192 புள்ளிகள். 1,024 பைட் நினைவகம் போதும். ஆர்டுயினோ ஊனோவில் இருப்பதே 2,048 பைட் என்பதால் பாதி இதற்கே போய்விடும். தமிழின் 247 எழுத்துகளுக்கும் படம் வரைய வேண்டியதில்லை. உயிர், அகரமேறிய மெய், உகர ஊகார வடிவங்கள், துணைக்குறிகள், கிரந்தம் என ஏறத்தாழ நூறு வடிவங்கள் போதும். 16 × 16 புள்ளியில் ஒன்றுக்கு 32 பைட். ஆக 3,200 பைட். நிரல் நினைவகத்தில் இது தாராளமாக அடங்கும். யூனிகோடு முறையில் 'கொ' என்பது முதலில் 'க', பிறகு குறி என்றே சேமிக்கப்படுகிறது. திரையிலோ கொம்பு முன்னே வரவேண்டும். இந்த இடமாற்றத்தைத் திரை செய்யாது. நாம்தான் நிரலில் எழுதவேண்டும். இந்தியின் கூட்டெழுத்துகளுக்கு வேலை இன்னும் அதிகம்.

அளவையும் மறக்கலாகாது. 0.96 அங்குல ஓலெட் திரை பளிச்சென்று ஒளிரும். ஆனால் 16 புள்ளி எழுத்தின் உயரம் அதில் 3 மி.மீ.கூட இராது. வயதானவர்கள் எட்ட நின்று படிக்க இயலாது. அதே 128 × 64 புள்ளிகளைக் கொண்ட பெரிய திரவப் படிகத் திரையில் எழுத்து சுமார் 8 மி.மீ. உயரம் வரும். சமையற்கூடத்திற்கு நான் இதையே தேர்வேன். செய்தி அரிதாகவே மாறுமெனில் மின்தாள் திரையும் நல்லது. மின்சாரம் நின்றாலும் எழுத்து நிற்கும். நொடிக்கு நொடி மாறும் செய்திக்கு அது உதவாது.

வாங்குமுன் கட்டத்தாளில் 16 கட்ட உயரத்தில் 'ணௌ', 'ஞ', 'ஸ்ரீ' ஆகியவற்றை வரைந்து பாருங்கள். 16 கட்ட அகலத்தில் எது அடங்கவில்லை என்பது கடைக்குப் போகுமுன்பே தெரிந்துவிடும்.